ஐரோப்பாவில் கொலையான அண்ணன், துப்பு துலங்காமல் மூடிய வழக்கு: மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாமா?

கேள்வியின் சுருக்கம்: ஜெர்மனியில் வசித்த அண்ணன் கொல்லப்பட்டு ஆறு வருடம் ஆகிறது. யாரும் பிடிபடவில்லை. விசாரணையை முடித்துவிட்டோம் என்று அரசு வழக்குத்தொடுநரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் கொலைகாரனைத் தண்டிக்கச் சொல்லிக் கேட்க முடியுமா?

தண்டிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. அந்த நீதிமன்றத்தில் எதிர்மனுதாரர் எப்போதும் அரசுதான். "என் அண்ணனைக் கொன்றது யார்?" என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது. "கொன்றவனைத் தேட வேண்டிய அளவுக்குத் தேடினார்களா?" என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். வருகிற மனுக்களில் பெரும்பாலானவை விசாரணைக்கே ஏற்கப்படாமல் போவதற்கு, இந்த வித்தியாசம் புரியாமல் எழுதுவதும் ஒரு காரணம்.

மனுவின் அடிப்படை, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, அதாவது உயிர் வாழும் உரிமை. கொன்றவர் போலீஸோ ராணுவமோ ஆக இருக்க வேண்டியதில்லை. தனியார் செய்த கொலையையும் ஒழுங்காக விசாரிக்கும் கடமை அரசுக்கு உண்டு. அந்த ஒழுங்கு என்ன என்பதை 2001இல் பிரிட்டனுக்கு எதிரான ஜோர்டான் வழக்கு வரிசைப்படுத்தியது. 1992இல் பெல்ஃபாஸ்ட்டில் போலீஸ் சுட்டுக் கொன்ற இளைஞரின் தந்தை தொடுத்த வழக்கு அது. விசாரிப்பவர் சம்பந்தப்பட்டவர்களைச் சாராதவராக இருக்க வேண்டும், விசாரணை உடனே தொடங்கி இழுபடாமல் நடக்க வேண்டும், கிடைக்கக்கூடிய சாட்சியங்களைத் திரட்டியிருக்க வேண்டும், குடும்பத்துக்குத் தேவையான அளவு தகவலும் பங்கேற்க வாய்ப்பும் தந்திருக்க வேண்டும்.

குற்றவாளி பிடிபடவில்லை என்பது மட்டும் மீறல் ஆகாது. உழைத்தும் கிடைக்கவில்லை என்றால் அரசு தப்பிவிடும். 1997இல் லண்டனில் மைக்கேல் மென்சன் எரித்துக் கொல்லப்பட்டபோது, அவரே தீ வைத்துக்கொண்டார் என்று போலீஸ் முதலில் நினைத்தது. குடும்பத்தின் புகார்கள் நியாயமானவை. ஆனாலும் 1999இல் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டுவிட்டதால், 2003இல் ஸ்ட்ராஸ்பர்க் அந்த மனுவை ஏற்கவில்லை.

ஆகவே முதல் வேலை, வழக்கு ஆவணங்களை வாங்குவது. ஜெர்மனியில் கொலையானவரின் பெற்றோர், பிள்ளைகள், மனைவி அல்லது கணவர், உடன்பிறந்தோர் ஆகியோர் வழக்கறிஞர் மூலம் கோப்பைப் பார்க்க மனு செய்யலாம். கையில் வந்ததும், நடந்ததை விட நடக்காததைத் தேடுங்கள்: கேட்காமல் விட்ட சாட்சி, அழிந்துபோன கேமரா பதிவு, எடுக்காத கைப்பேசி விவரம், சோதனைக்கு அனுப்பாத துணி. ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதுங்கள். "அலட்சியமாக இருந்தார்கள்" என்ற வரிக்கு மதிப்பில்லை. "இன்ன தேதியில் பெயர் சொன்ன சாட்சியிடம் பதினான்கு மாதம் கழித்துத்தான் வாக்குமூலம் வாங்கினார்கள்" என்பது போல எழுதினால்தான் நிற்கும்.

அடுத்தது, உள்நாட்டு வழிகளை முடிப்பது. இதில்தான் கெடு கழுத்தைப் பிடிக்கும். வழக்கை மூடிவிட்டதாகச் சொல்லும் கடிதம் கிடைத்த இரண்டு வாரத்துக்குள் மேல்நிலை வழக்குத்தொடுநரிடம் முறையீடு. அவர் தள்ளினால் ஒரு மாதத்துக்குள் மாநில உயர் நீதிமன்றத்தில் மனு, அதில் வழக்கறிஞர் கையெழுத்து கட்டாயம். அதுவும் போனால் ஒரு மாதத்துக்குள் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம். சந்தேக நபர் யாரென்றே அடையாளம் தெரியாத வழக்கில் உயர் நீதிமன்ற வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். அப்போது எந்த மனு செல்லும் என்பதை அங்குள்ள குற்றவியல் வழக்கறிஞரிடம் அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே கேட்டுவிடுங்கள். இந்தப் பாதை எவ்வளவு நீளமானது என்பதற்கு ஊரி ஜாலோ வழக்கு உதாரணம். 2005 ஜனவரியில் டெஸாவ் நகரப் போலீஸ் அறையில் அவர் எரிந்து இறந்தார். குடும்பத்தின் மனுவை உயர் நீதிமன்றம் 2019இல் தள்ளியது. அரசியல் சாசன நீதிமன்றமும் தள்ளிய செய்தி வெளியானது 2023 பிப்ரவரியில்.

கடைசித் தீர்ப்பிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க்குக்கு நான்கு மாதம். இணையத்தில் பழைய கட்டுரைகள் ஆறு மாதம் என்று சொல்லும், நம்பாதீர்கள். 2022 பிப்ரவரி 1 முதல் நான்குதான். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை என்றாலும் திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போகாது. வழக்கை மறுபடி திறக்கச் சொல்லிப் புதிதாக ஒரு மனு போட்டால் கெடு திரும்பத் தொடங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு, பொதுவாக அப்படித் தொடங்காது. வழக்கை மூடியதாகக் கடிதமே வராமல் விசாரணை படுத்துக் கிடந்தால் ஆபத்து இன்னும் அதிகம். "இது உயிரோடு இல்லை என்று உங்களுக்கு எப்போது தெரிந்திருக்க வேண்டும்?" என்று நீதிமன்றம் கேட்கும். வருடக்கணக்கில் சும்மா இருந்தவரை ஏற்காது. வருடத்துக்கு இரண்டு முறையாவது நிலவரம் கேட்டுப் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான, நம்பத்தக்க புதிய சாட்சியம் வந்தால் மட்டும் விசாரிக்கும் கடமை மறுபடி உயிர்பெறும் என்று 2007இல் பிரெக்னெல் வழக்கில் சொன்னார்கள். அது 1975இல் நடந்த கொலை.

மனுவுக்குக் கட்டணம் இல்லை. நீதிமன்றத்தின் தளத்தில் உள்ள படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். மின்னஞ்சலும் தொலைநகலும் செல்லாது. சம்பவமும் மீறலும் படிவத்துக்குள்ளேயே புரிய வேண்டும், கூடுதலாக 20 பக்கம் வரை இணைக்கலாம். அசல் ஆவணங்களை அனுப்பாதீர்கள், திரும்பி வராது. நகல்களைத் தேதி வரிசையில் அடுக்கி, பக்க எண் போட்டு, ஸ்டேப்ளர் அடிக்காமல் வையுங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மனு பதிவாகாமல் போகலாம், அதற்குள் நான்கு மாதம் ஓடிவிடும். அதனால் கடைசி வாரம் வரை வைத்திருக்காமல் மூன்றாம் மாதத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழி எதிலும் எழுதலாம், தமிழில் முடியாது. ஊரிலிருக்கும் அம்மாவின் வாக்குமூலம் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு வையுங்கள். மனுதாரர் ஐரோப்பியக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டியதில்லை. (இந்தியாவிலோ இலங்கையிலோ அந்நாட்டு அதிகாரிகள் விசாரித்த கொலையை இங்கே கொண்டுவர முடியாது. இந்த நீதிமன்றம் சார்ந்த ஐரோப்பிய கவுன்சிலில் இப்போது 46 நாடுகள்தான் உறுப்பினர்கள், ரஷ்யா 2022இல் வெளியேற்றப்பட்டது.)

ஒற்றை நீதிபதி தள்ளிவிட்டால் அதுவே முடிவு, மேல்முறையீடு கிடையாது. ஏற்று அரசுக்கு அனுப்பினால் அங்கிருந்து பொதுவாக வழக்கறிஞர் வேண்டும், வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி கேட்கலாம். இந்தக் கட்டத்தில் பலர் கோட்டைவிடுவது இழப்பீட்டை. படிவத்தில் எழுதியது போதும் என்று இருந்துவிடுகிறார்கள். நீதிமன்றம் குறிக்கும் கெடுவுக்குள் தொகை, செலவு விவரம், ரசீதுகளோடு தனியாகக் கேட்காவிட்டால், ஜெயித்தாலும் பணம் வராமல் போகலாம்.

ஜெயித்த பிறகு தீர்ப்பை அமல்படுத்துவதைக் கண்காணிப்பது ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு. விசாரணையை மறுபடி தொடங்கிவிட்டோம் என்று அரசு அங்கே அறிக்கை தரும். அது உண்மையில்லை என்றால் அந்தக் குழுவின் 9ஆம் விதிப்படி நீங்களே அவர்களுக்கு எழுதலாம். ஜோர்டான் உள்ளிட்ட வட அயர்லாந்து வழக்குகள் தீர்ப்பு வந்து இருபது வருடம் கடந்தும் அந்தக் கண்காணிப்புப் பட்டியலிலேயே இருந்தன.