கதையைக் காதுக்குக் கொடுப்பது: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான்கு வருடமாகக் கதை எழுதுகிறேன். போன வருடத்திலிருந்து என் கதைகளை நானே வாசித்து, பதிவு செய்து, இணையத்தில் போடுகிறேன். இதுவரை 7 கதைகள். எல்லாமே வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போனில் பதிவு செய்தவை. ஒரு கதைக்கு 60, 70 பேர் வருகிறார்கள். பாதிக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் போய்விடுகிறார்கள். என் குரலை என்னாலேயே கேட்கச் சகிக்கவில்லை.

நல்ல மைக் வாங்கு என்கிறாள் தோழி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை மாற்றி நடித்து வாசி என்கிறார் இன்னொருவர். இந்தப் பாடெல்லாம் எதற்கு, இயந்திரக் குரலிடம் கொடுத்துவிடு என்கிறான் தம்பி. மறைந்த ஓர் எழுத்தாளரின் கதை ஒன்றை வாசிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. காசு வாங்கப்போவதில்லை. அதற்கும் அனுமதி வேண்டுமா?

என் மூன்றாவது கதையின் பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நேரம் இருந்தால் கேளுங்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு முறை கேட்டேன். முதல் முறை ஹெட்போனோடு உட்கார்ந்து. இரண்டாவது முறை பாத்திரம் கழுவிக்கொண்டே. உங்கள் கதையைக் கேட்பவர்களில் பலர் இரண்டாவது வகையில்தான் கேட்பார்கள், அதனால்.

முதலில் அந்த இரண்டு நிமிட விஷயம். உங்கள் பதிவை நேரம் பார்த்துக் கேட்டேன். 35 நொடி இசை. பிறகு வணக்கம், உங்கள் பெயர், இது எத்தனையாவது கதை என்ற தகவல். இந்தக் கதை எப்படித் தோன்றியது என்று ஒரு முன்கதை. பிடித்திருந்தால் நாலு பேருக்கு அனுப்புங்கள் என்று ஒரு வேண்டுகோள். கதையின் முதல் வாக்கியம் வரும்போது 1 நிமிடம் 50 நொடி ஆகிவிட்டது. போனவர்கள் உங்கள் கதை பிடிக்காமல் போகவில்லை, அவர்களுக்குக் கதை வந்தே சேரவில்லை. கதையின் பெயர், உங்கள் பெயர், 10 நொடி போதும். மீதியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கதை பிடித்தவர் அதையும் கேட்பார்.

அப்புறம் குரல். பேசும்போது நம் குரல் நமக்குக் காற்று வழியாகவும் வருகிறது, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு வழியே வருவதில் கனத்த ஒலிகள் கூடுதல். பதிவில் அந்தப் பங்கு கிடையாது. அதனால்தான் மெலிந்து, வேறு யாரோ பேசுவதுபோல் கேட்கிறது. இது எல்லோருக்கும் உள்ளதுதான். உட்கார்ந்து பதிவை வெட்டி ஒட்டும் வேலையைச் செய்யச் செய்யப் பழகிவிடும். எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. உங்கள் குரலில் எனக்குப் பட்ட குறை ஒன்றுதான்: வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறீர்கள். தமிழில் வினைச்சொல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அவன் வந்தானா, வரவில்லையா என்று இரண்டு இடங்களில் எனக்குத் தெரியவே இல்லை.

மைக் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நல்ல மைக் உங்கள் அறையின் குறையை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். இப்போது பதிவு செய்யும் இடத்தில் நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தத்துக்கு எதிரொலியாக ஒரு வால் முளைத்தால் அங்கே வாசிக்கக் கூடாது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்தபடி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். அப்போதுதான் ‘ப’ வரும்போது காற்று மோதாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எதிரொலியை அது சொல்லும்படியாகக் குறைக்காது, வெளிச்சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது.

உங்கள் பதிவில் மின்விசிறி ஓடுகிறது. வியர்த்தாலும் பரவாயில்லை, நிறுத்துங்கள். என் முதல் பதிவில் குளிர்சாதனப் பெட்டி. 40 நிமிடம் வாசித்து முடித்துவிட்டுக் கேட்டால், அதன் மோட்டார் நடுநடுவே ஓடி நிற்கிறது. ஓடும்போது வாசித்த வாக்கியத்தையும் நின்றபோது வாசித்த வாக்கியத்தையும் ஒட்டினால், ஒட்டுப்போட்ட இடம் காதில் இடறியது. முழுவதும் மறுபடி வாசித்தேன். இப்போதெல்லாம் பதிவுக்கு முன் அதை அணைத்துவிட்டு, வீட்டுச் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவேன். இந்தக் கலையில் பழைய தந்திரம் இது. மறுபடி போட மறந்தால் வெளியே போக முடியாதே.

இரைச்சலை மென்பொருளில் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் எடுக்கலாம். அளவு மீறினால் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் வாசிக்கத் தொடங்கும் முன் 30 நொடி வாய் திறக்காமல் உட்கார்ந்து அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடைவெளிகளில் அந்த அமைதியைப் போட வேண்டும். முழு மௌனத்தைப் போட்டால் பதிவு நின்றுவிட்டதோ என்று கேட்பவர் போனை எடுத்துப் பார்ப்பார். வாசிக்கும்போது தடுமாறினால் நிறுத்த வேண்டாம். கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். திரையில் தெரியும் ஒலியின் அலைவடிவத்தில் அந்தத் தட்டு ஈட்டிமாதிரி நிற்கும், தேடாமலே வெட்டலாம். இதற்கெல்லாம் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும். 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைப்பது.

ஒலி அளவுக்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால், ஆடிபிள் என்ற ஒலிநூல் கடைக்கு நூல்களைக் கொடுக்கும் ஏசிஎக்ஸ் தளத்தின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் பூஜ்யம்தான் மேல் எல்லை, அதனால் எல்லாமே மைனஸ். சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் இடையில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. நீங்கள் அங்கே கொடுக்கப்போவதில்லை என்றாலும் இது நல்ல அளவுகோல். முதல் இரண்டும் மென்பொருளில் சரியாகிவிடும். மூன்றாவதுதான் அறையின் பரீட்சை.

சரி, எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல்தான். நீங்கள் வாசிப்பது கண்ணுக்கு எழுதிய கதை. அதை அப்படியே காதுக்குக் கொடுக்கிறீர்கள். உங்கள் கதையில் இப்படி ஒரு வாக்கியம்: ‘மூன்று நாட்களாகத் திறக்கப்படாத கதவுக்குக் கீழே வழிந்து தேங்கியிருந்த தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த கடிதத்தை அவள் எடுத்தாள்.’ தாளில் அழகான வாக்கியம். கண் கடைசிவரை போய், சந்தேகம் வந்தால் திரும்பி வரும். காதுக்குத் திரும்பும் வசதி இல்லை. நாட்கள், கதவு, தண்ணீர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு, எதற்காக ஏந்துகிறோம் என்று தெரியாமலே அது நடக்கிறது. கடைசியில்தான் கடிதம் வருகிறது, அதற்கும் பிறகு அவள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் அதற்குள் கதவைக் கீழே போட்டுவிட்டேன்.

இப்படி வாசித்துப் பாருங்கள்: ‘மூன்று நாளாகக் கதவு திறக்கவில்லை. கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு கடிதம் மிதந்தது. அவள் எடுத்தாள்.’ அச்சில் இது கொஞ்சம் தந்தி அடித்ததுபோல் இருக்கலாம். காதில் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து உட்காரும். அச்சுக்கு ஒரு பிரதி, வாசிக்க ஒரு பிரதி என்று நான் இரண்டு வைத்திருக்கிறேன். உங்கள் கதை, நீங்களே மாற்றலாம், யாரிடம் கேட்க வேண்டும்?

இன்னொரு இடம். ‘வீடெங்கும் மணம் நிறைந்தது’ என்று வாசிக்கிறீர்கள். எனக்கு மனம் நிறைந்தது என்றே கேட்டது. யாருடைய மனம் என்று அடுத்த இரண்டு வாக்கியங்கள் தேடினேன். அரையும் அறையும், கரியும் கறியும் இப்படித்தான். பலர் பேச்சில் இவற்றைப் பிரித்து ஒலிப்பதில்லை. நாக்கை வளைத்து அழுத்திச் சொன்னால் செய்தி வாசிப்பதுபோல் ஆகும். வாசனை என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

உரையாடலில் தமிழ் நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. மேற்கோள் குறி காதுக்குக் கேட்காது. ஆனால் கதைசொல்லி எழுத்துத் தமிழிலும் பாத்திரங்கள் பேச்சுத் தமிழிலும் பேசினால், ‘அவன் நிமிர்ந்து பார்த்தான். எப்ப வந்தே?’ என்ற அந்த மாற்றமே குறியின் வேலையைச் செய்துவிடும். சிக்கல் எங்கே என்றால், யார் பேசியது என்பது ‘என்றான்’, ‘என்றாள்’ என்று பேச்சு முடிந்த பிறகே தெரிகிறது. மூன்று பேர் பேசும் காட்சியில் இது குழப்பும். பேசுபவரின் பெயரையோ ஒரு சின்ன அசைவையோ முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். பகுதி பிரிக்க நீங்கள் போடும் மூன்று நட்சத்திரங்களுக்கு இரண்டு, மூன்று நொடி அமைதி.

குரல் மாற்றி நடிக்கும் யோசனை எனக்கு ஒத்துவராது. ஒரு கதையில் கிழவர் ஒருவருக்குக் கரகரத்த குரல் வைத்தேன். நான்கு நாளாகப் பதிவு நடந்தது. நான்காம் நாள் எந்தக் குரல் என்று மறந்துபோய், கிழவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. கட்டாயம் செய்வதென்றால் ஒவ்வொரு பாத்திரத்தின் குரலிலும் ஒரு வரியைத் தனியாகப் பதிவு செய்துவைத்து, ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வேகத்தில் ஒரு சின்ன மாற்றம் போதும் என்பது என் கட்சி. தயங்கிப் பேசுபவர், வெடுக்கென்று பேசுபவர், அவ்வளவு.

தம்பி சொன்னதில் பாதி சரி. இயந்திரக் குரலிடம் கொடுங்கள், வெளியிடுவதற்காக இல்லை, நீங்கள் கேட்பதற்காக. நாம் வாசித்தால் பிழையையும் சரியாகவே வாசித்துவிடுவோம். அது எழுதியதை அப்படியே வாசிக்கும். ஒரு பத்தியில் ‘மெல்ல’ நான்கு தடவை வருவது அப்போதுதான் உறைக்கும். அதையே வெளியிடுவதென்றால் இயந்திரக் குரல் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. எங்கே மூச்சு விட வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரியும்.

மறைந்த எழுத்தாளரின் கதைக்கு அனுமதி வேண்டும். காசு வாங்கவில்லை என்பது தன்னளவில் அனுமதி ஆகாது. எழுதியவர் மறைந்த பிறகும் உரிமை வாரிசுகளிடம் தொடரும். குறைந்தது 50 ஆண்டு என்கிறது பதிப்புரிமைக்கான பெர்ன் சர்வதேச உடன்படிக்கை. இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70. அச்சு உரிமை வேறு, ஒலி உரிமை வேறு என்பதையும் கவனியுங்கள். பதிப்பாளரிடம் இருப்பது அச்சு உரிமையாக மட்டும் இருக்கலாம். வாரிசுகளுக்கு எழுதுங்கள்: எந்தக் கதை, எங்கே வெளியிடுவீர்கள், இலவசமா, எவ்வளவு காலம். உங்கள் கதைகளையும் யாருக்காவது கொடுத்திருந்தால், ஒப்பந்தத்தில் ஒலி உரிமை என்ன ஆனது என்று பாருங்கள். அது தெரியாமலே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். உரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையான கதைகளை வாசித்துப் பழக வேண்டுமென்றால் 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளம் இருக்கிறது, வாசிப்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். அங்கே உங்கள் பதிவும் பொதுவுடைமை ஆகிவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் போங்கள்.

அந்த 35 நொடி இசை எங்கிருந்து எடுத்தது? படைத்தவரே மற்றவர்கள் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைத்தது என்றால் இசைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். சினிமா இசை என்றால் இன்றே எடுத்துவிடுங்கள்.

பதிவின் மூலத்தைச் சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்திருங்கள், ஒலியைச் சுருக்கும் எம்பி3 கடைசியில் வெளியே அனுப்ப மட்டும். நான் ஏற்றி வைத்திருந்த ஒரு தளம் மூடப்பட்டபோது, அசலை எல்லாம் இடம் போதவில்லை என்று அழித்திருந்தேன். 11 கதைகளையும் அங்கிருந்து எம்பி3-ஆக இறக்கி, திருத்தி, திரும்ப எம்பி3 ஆக்கினேன். ‘ச’வும் ‘ஸ’வும் வரும் இடங்களிலெல்லாம் இப்போதும் மணல் அரைபடுகிறது. புதிய பதிவுகளைக் கேட்பவர்களின் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் இணைப்பான உங்கள் ஆர்எஸ்எஸ் ஓடையை வேறு இடத்துக்குத் திருப்பிவிட வழி தரும் தளமாகப் பார்த்துச் சேருங்கள். அப்போதுதான் இடம் மாறினாலும் கேட்பவர்கள் கூடவே வருவார்கள்.

தொடரலாமா என்று கேட்டீர்கள். 7 கதை வாசித்த பிறகு வரும் கேள்வியா இது? அந்த மூன்றாவது கதையையே மறுபடி வாசியுங்கள். முன்னுரை இல்லாமல், மின்விசிறி இல்லாமல், வாக்கியங்களை உடைத்து. இரண்டு நிமிடம் தாண்டியவர்களில் எத்தனை பேர் கடைசிவரை இருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்த நிமிடத்தில் கூட்டமாக எழுந்து போகிறார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்தைப் போட்டுக் கேளுங்கள். என் கதை ஒன்றில் 14-ஆவது நிமிடம். போய்ப் பார்த்தால் ஒரு பாத்திரம் எழுதிய கடிதத்தை ஐந்து நிமிடம் ஒரே தொனியில் ஒப்பித்திருந்தேன்.

முடித்ததும் அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய பதிவின் ஒன்பதாவது நிமிடத்தில், அவள் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு விளக்கை அணைக்கும் இடத்தில், தூரத்தில் ஒரு நாய் குரைக்கிறது. வேண்டுமென்றே சேர்த்திருக்கிறீர்கள் என்று நினைத்து இரண்டாவது முறை காத்திருந்து கேட்டேன். புதிய பதிவில் அது இருக்காதே என்பதுதான் ஒரு சின்ன வருத்தம்.