தெர்மாகோல், டெப்ரான், சன்போர்டு: கேளுங்க சொல்றேன்

வணக்கம். ஃபோம்ல ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானம் கட்டி உடைச்சு கட்டி பதினஞ்சு வருஷம் ஓடிருச்சு. ராத்திரி பத்து வரைக்கும் இருக்கேன். ரெக்கை, பாடி, பசை, ஸ்பார் (ரெக்கைக்குள்ள நீளமா ஓடுற முதுகெலும்பு) பத்தி எது வேணா கேளுங்க. மோட்டார், பேட்டரி, ரேடியோ என் ஏரியா இல்ல.

மதுரை காத்தாடி: அண்ணா, முதல் விமானம். டெப்ரான் ஃபோம் ஷீட் கிடைக்கல. ஸ்டேஷனரி கடைல 5 எம்எம் சன்போர்டு இருக்கு, வழவழன்னு சூப்பரா இருக்கு. அதுல 1 மீட்டர் ரெக்கை பண்ணலாமா?

பதில்: வேணாம் தம்பி. சன்போர்டுங்கிறது பிவிசி ஃபோம், ஒரு கனமீட்டர் 500 கிலோவுக்கு மேலயே வரும். டெப்ரான் 35 கிலோ சொச்சம். உன் ரெக்கை 1 மீட்டர் நீளம் 20 சென்டிமீட்டர் அகலம்னு வெச்சுக்கோ, 5 எம்எம் சன்போர்டுல ரெக்கை மட்டுமே அரைக்கிலோ, அதே ரெக்கை 6 எம்எம் டெப்ரான்ல 42 கிராம். டெப்ரானுக்குப் பதிலா ஹாபி கடைல பயோஃபோம்னு கேளு. அதுவும் கிடைக்கலன்னா பேப்பர் ஒட்டின ஃபோம் போர்டு வாங்கிட்டு ஒரு பக்கம் பேப்பரை உரிச்சிரு. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கிராம் தராசு வாங்கு, சமையலுக்கு விக்கிறதே போதும். எந்த ஷீட்டா இருந்தாலும் தராசுல வெச்சுட்டுதான் வெட்டணும், இதை இன்னைக்கு பத்து தடவை சொல்வேன், கோவப்படாதீங்க.

நெல்லை பறவை: தெர்மாகோல்ல ஃபெவிக்விக் போடலாமா சார்?

பதில்: கூடாது. ஃபெவிக்விக் மாதிரி சாதா சயனோ பசை எதுவா இருந்தாலும் தெர்மாகோலையும் டெப்ரானையும் கரைச்சிரும், ஒட்டுற இடத்துல குழிதான் இருக்கும். ஃபோம் சேஃப்னு தனியா வர்ற சயனோ, எபாக்ஸி, வெள்ளை ஃபெவிகால் எல்லாம் ஓகே. ஃபெவிகாலுக்கு காத்து வேணும், ரெண்டு ஷீட்டை முழுசா அப்பி ஒட்டினா உள்ள நாள்கணக்குல காயாது. இபிபி ஃபோம் மட்டும் விதிவிலக்கு, அது பாலிப்ரோப்பிலீன், சயனோ அதை ஒண்ணும் பண்ணாது. ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலை அரிக்கும், தண்ணில கரையுற அக்ரிலிக் அடிங்க.

ஈரோடு கிளைடர்: தெர்மாகோல் பிளாக்லேருந்து ரெக்கை ஷேப் வெட்ட ஹாட் வயர் (கரன்ட்ல சூடாகி ஃபோமை வெட்டுற கம்பி) பண்ணணும். யூடியூப்ல ஃபேன் ரெகுலேட்டர்ல நிக்ரோம் கம்பியை மாட்டி வெட்டுறாங்க, ஈஸியா இருக்கே?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் உக்காந்திருந்தேன். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ரெகுலேட்டர் கரன்டைக் குறைக்கும், ஆனா லைன்லேருந்து பிரிக்காது. நீங்க கையில பிடிக்கிற வெறும் கம்பிக்கு நேரா 230 வோல்ட் லைனோட தொடர்பு இருக்கு. கம்பி லேசாத்தான் சுடுதுன்னு நினைச்சு தொட்டா ஆளே காலி. ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு 24 வோல்ட்டுக்குள்ள இறக்குங்க, இல்ல வோல்ட் ஏத்தி இறக்குற டிசி பவர் சப்ளை வாங்குங்க.

வெட்டுற விஷயம். கம்பி சூடானா நீளும், அதனால கம்பியை இழுத்துக் கட்டுற வில்லுல ஸ்ப்ரிங் இல்லன்னா தொங்கி நடுவுல குழி விழும். கம்பி செவக்கக் கூடாது. வெட்டினதும் ஃபோம்ல சிலந்தி நூல் மாதிரி மெல்லிசா இழை வந்தா சூடு சரி, இழை இல்லாம உருகி ஓடினா சூடு ஜாஸ்தி. கம்பி உரசிட்டுப் போற ரெக்கை ஷேப் டெம்ப்ளேட்டை சன்மைக்கால வெட்டி விளிம்பை உப்புத்தாள்ல நல்லா தேய்ங்க, சின்ன பிசிறு இருந்தாலும் கம்பி அங்க நின்னு ரெக்கைல கோடு போட்டுரும். ரெண்டு டெம்ப்ளேட்டுலயும் ஒண்ணுலேருந்து பத்து வரை நம்பர் போட்டு, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடிச்சு, ஒருத்தர் சத்தமா எண்ணணும். நுனி சின்னதா இருக்கிற ரெக்கைல நுனிக்காரர் மெதுவா, அடிக்காரர் வேகமா போகணும், ஆனா நம்பர் ரெண்டு பேருக்கும் ஒண்ணாதான் வரணும். என் வீட்டம்மாதான் எனக்கு நுனிக்காரர், சீரியல் டைம்ல கூப்பிட்டா ரெக்கை கோணிரும். ஜன்னலைத் திறந்து வையுங்க. பிவிசி ஃபோமையும் பாலியூரித்தேன் ஃபோமையும் ஹாட் வயர்ல வெட்டவே கூடாது, அந்தப் புகை விஷம்.

திருச்சி ஜெட்: எந்த மோட்டார் போடலாம்?

பதில்: மேல படிங்க.

காஞ்சி பைலட்: ஃபோம்லாம் பொம்மைக்குத்தானே சார்? நிஜ விமானத்துல பால்சா மரம், அலுமினியம்தான?

பதில்: அமெரிக்க விமான டிசைனர் பர்ட் ரூட்டான் சின்ன வயசுல மாடல் விமானம் கட்டினவர்தான். அவர் டிசைன் பண்ணின வேரிஈஸி 1975ல பறந்துச்சு, ஆள் உக்காந்து ஓட்டுற விமானம். அதோட ரெக்கை ஹாட் வயர்ல வெட்டின பாலிஸ்டைரீன் ஃபோம், மேல கண்ணாடி நார் எபாக்ஸி. அதுக்கும் முன்னாடி 1940ல பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் மாஸ்கிட்டோவோட பாடி என்ன? ரெண்டு மெல்லிசு பிளைவுட் தோலுக்கு நடுவுல பால்சா. பால்சாவே அங்க ஃபோம் வேலைதான் பாத்துச்சு. பலம் தோல்ல இருக்கு, நடுவுல இருக்கிறது தோலை தோல்லேருந்து தள்ளி வைக்குது, அவ்வளவுதான்.

தோல் போடணும்னா 25 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 25 கிராம்) கண்ணாடித் துணி, எபாக்ஸி ரெசின். 1 மீட்டர் ரெக்கைக்கு ரெண்டு பக்கமும் சேத்து 20 கிராம்ல முடிக்கலாம், டிஷ்யூ பேப்பரால ஒத்தி மிச்ச ரெசினை எடுத்தா. ஹார்ட்வேர் கடைல சீப்பா தர்ற பாலியஸ்டர் ரெசின் வாங்கிராதீங்க, அதுல ஸ்டைரீன் இருக்கு, ரெக்கையைத் தின்னுரும். நான் ஒரு ரெக்கையை அப்படி இழந்திருக்கேன், சனிக்கிழமை பூசினேன், ஞாயித்துக்கிழமை ஒரு துணிக்கூடுதான் மிச்சம்.

சேலத்து சில்வண்டு: தம்பி, தோலு கீலுன்னு ஏன் பயமுறுத்துற? நடுவுல 4 எம்எம் கார்பன் ராடு ஒண்ணு சொருகினா போதும். பத்து வருஷமா அப்படித்தான் பறக்குறேன்.

பதில்: அண்ணே, பறக்கும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ராடு நிக்கிற இடம் தப்பு. ரெக்கை வளையும்போது மேல்பக்கம் அமுங்குது, கீழ்பக்கம் இழுபடுது, நடுவுல ஒண்ணுமே நடக்கல. நீங்க காசு போட்டு வாங்கின கார்பனை வேலையே இல்லாத இடத்துல உக்கார வெச்சிருக்கீங்க. 20 எம்எம் கனமுள்ள ரெக்கைல 3 எம்எம் அகலம் அரை எம்எம் கனத்துல ஒரு கார்பன் பட்டை மேல, ஒண்ணு கீழ ஒட்டுங்க. உங்க ராடுல இருக்கிற கார்பன்ல கால்வாசிதான், விறைப்பு 24 மடங்கு.

சேலத்து சில்வண்டு: கணக்கு பேப்பர்ல. நான் போன வருஷம் பட்டை ஒட்டிப் பாத்தேன், மேல் பட்டை டப்புனு எகிறிருச்சு.

பதில்: எந்த ஃபோம்ணே?

சேலத்து சில்வண்டு: டிவி பெட்டில வந்த தெர்மாகோல்.

பதில்: அதான். அந்த ஃபோம் கொழகொழன்னு இருக்கும், அமுங்குற பக்கத்துப் பட்டையைப் பிடிச்சு வைக்க முடியாது, பட்டை நெளிஞ்சு வெளிய வந்துரும். இந்த இடத்துல நீங்க சொல்றது நியாயம்தான், என் 24 மடங்கு ஃபோமும் பசையும் தாக்குப்பிடிச்சா மட்டும்தான். பட்டையைப் படுக்க வைக்காம, பிளேடுல 3 எம்எம் ஆழத்துக்கு கீறி நட்டமா சொருகி எபாக்ஸி விடுங்க. 24 மடங்கு 17 ஆகிரும், ஆனா எகிறாது.

சேலத்து சில்வண்டு: ராடு இருந்தா ரெக்கையைக் கழட்டி பைக்ல கொண்டு போவேன். உன் பட்டைல முடியுமா?

பதில்: அது முடியாது, ஒத்துக்கிறேன். ரெண்டு துண்டு ரெக்கைக்கு ஜாயின்ட்ல ராடு போடுங்க, மத்த இடத்துக்கு பட்டை. அப்புறம் ராடு முறுக்கத்துக்கும் பெருசா ஆகாது, வேகமா டைவ் போனா ஏலரான் (ரெக்கையோட பின் ஓரத்துல அசையுற பலகை) ரெக்கையையே முறுக்கும், அதைத் தடுக்கிறதும் தோல்தான். பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமா சாய்வா ஒட்டினாக்கூட வித்தியாசம் தெரியும்.

சேலத்து சில்வண்டு: ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு உன் ரெக்கையைக் கொண்டு வா. ரெண்டையும் ரெண்டு ஸ்டூல் மேல வெச்சு நடுவுல தண்ணி பாட்டில் தொங்க விடுவோம்.

பதில்: வர்றேன்ணே. தராசும் கொண்டு வர்றேன். ஒரே வெயிட்ல ரெண்டு ரெக்கை, அதான் கண்டிஷன்.

வேலூர் விங்ஸ்: சார் டெப்ரான்ல ஃபெவிக்விக்?

பதில்: கூடாது.

தஞ்சை தும்பி: எங்க ஊர்ல பறக்க விட பர்மிஷன் வேணுமா?

பதில்: அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை தளத்துல, எங்க பர்மிஷன் வேணும்னு கலர்ல காட்டுற ஏர்ஸ்பேஸ் மேப் இருக்கு, உங்க கிரவுண்டு என்ன கலர்னு பாத்துட்டு பறங்க.

கரூர் கழுகு: தெர்மாகோலுக்கு ஃபெவிக்விக் லேசா தொட்டு வெச்சா?

பதில்: லேசா குழி விழும். மணி பத்தாச்சு, கடைசி கேள்வி.

மதுரை காத்தாடி: அண்ணா, சன்போர்டு ஏற்கனவே வாங்கிட்டேன். அதுக்காவது ஃபெவிக்விக் ஒட்டுமா?

பதில்: ஒட்டும் தம்பி. பறக்காது.