கிறிஸ்தவப் பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: கத்தோலிக்கத் துறவற சபை ஒன்று நடத்தும் ஆண்கள் பள்ளியில் என் மகனுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் இந்துக்கள். விண்ணப்பத்தில் "பள்ளியின் கிறிஸ்தவ விழுமியங்களை ஏற்கிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் அவன் செபத்துக்கும் மறைக்கல்விக்கும் (கத்தோலிக்க மத வகுப்பு) போயே ஆக வேண்டுமா? மாமியார் ரொம்பவே கவலைப்படுகிறார்.

பதில்: போயே ஆக வேண்டும் என்று பள்ளி கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, அரசு உதவி பெறும் பள்ளியோ, பெற்றோர் சம்மதிக்காமல் ஒரு பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்கக் கூடாது. பள்ளியை ஒட்டிய கட்டடத்தில் நடக்கும் வழிபாடும் இதில் அடக்கம். அதே காம்பவுண்டுக்குள் இருக்கும் சர்ச்சில் நடக்கும் திருப்பலிக்கும் (பூசை) இது பொருந்தும் என்று அர்த்தம்.

ஆனால் சம்மதம் கொடுத்துவிட்டால் கதை வேறு. அதனால்தான் அந்த வரியைக் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது பொதுவான வாசகம். அதை மத வகுப்புக்கான சம்மதமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். "மறைக்கல்வி வகுப்புகளிலும் வழிபாடுகளிலும் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்" என்று வேறு எங்காவது இருந்தால், வேண்டாத பகுதியை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள்.

நடைமுறையில் இவ்வளவு இழுபறி வருவது அபூர்வம். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகிற பீரியடில் மற்றவர்களுக்கு நீதிபோதனை நடப்பதுதான் பரவலான வழக்கம். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள இடங்களில் இரண்டையும் ஒன்றாக்கி, ஒரே டீச்சர் பைபிள் கதை சொல்லி முடித்துவிடுவதும் உண்டு. ஆகவே கால அட்டவணையையும் நீதிபோதனைப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்றாம், நான்காம் வகுப்பு வாக்கில் கூடப் படிக்கும் பையன்கள் வெள்ளை உடையில் புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை அப்பம், வாங்குவார்கள். "எனக்கு எப்போ?" என்று உங்கள் மகனும் கேட்பான். அது பங்குக் கோயிலும் (அந்தப் பகுதி சர்ச்) அந்தக் குடும்பங்களும் சேர்ந்து நடத்தும் சடங்கு, நம் வீட்டில் காது குத்துவது மாதிரி என்று சொன்னால் புரிந்துகொள்வான்.

காலை அசெம்பிளியில் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி இவற்றோடு ஒரு செபமும் இருக்கும். அந்த இரண்டு நிமிடம் மட்டும் பிள்ளையைத் தனியாக வெளியே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை, அவனுக்குத்தான் கூச்சம். மரியாதையாக நின்றால் போதும், சிலுவை அடையாளம் போட வேண்டியதில்லை என்று சொல்லி வையுங்கள். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசிய கீதத்துக்கே அப்படியென்றால், செபத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

மாமியாருக்காக இன்னொன்று. திருநீறு, கையில் கயிறு, கார்த்திகையில் மாலை போட்டால் கறுப்பு உடை, செருப்பில்லாத கால் இதெல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள், நவம்பரில் வாசலில் நின்று வாதாட வேண்டாம்.

விழுமியங்கள் என்றதும் எல்லோரும் செபத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. பென்சில் பாக்ஸுக்காக இரண்டு பையன்கள் உருண்டு புரண்டால் டீச்சர் என்ன செய்கிறார்? இருவரையும் முட்டி போட வைக்கிறாரா, உட்கார வைத்துப் பேசுகிறாரா? அழுகிறவனிடம் "ஆம்பளப் பையன் அழலாமா?" என்கிறாரா? ஆண்கள் மட்டும் படிக்கும் இடத்தில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். இப்போது அங்கே படிக்கும் பையனின் அம்மா யாரையாவது கேளுங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடம் இங்கே கிடைக்குமா என்றும் பலர் கேட்கிறார்கள். கிடைக்காது, இதுபோன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்துவிட்டது.

சேர்க்கை முடிந்ததும் தலைமை ஆசிரியருக்கு நாலு வரிக் கடிதம் கொடுங்கள்: மகன் நீதிபோதனை வகுப்பில் இருப்பான், மறைக்கல்விக்கும் திருப்பலிக்கும் எங்கள் சம்மதம் இல்லை. நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.