பேட்டி ஒலிப்பதிவுகளை ஏபிஐ வழியாகத் தமிழ் எழுத்தாக்குவது எப்படி?

ஊர்ப் பெரியவர்களிடம் எடுத்த பேட்டிகள் கோப்பு கோப்பாகக் கிடக்கின்றன, நிரல் எழுதி மொத்தமாகத் தட்டச்சாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மேலூர் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி நான் பதிவு செய்த சுமார் 40 மணி நேரப் பேச்சை அப்படித்தான் எழுத்தாக்கினேன்.

நிரல் சின்னதுதான். ஏபிஐ என்பது நம் நிரல் வேறொரு நிறுவனத்தின் சேவையை இணையம் வழியே அழைக்கும் வாசல். ஓப்பன்ஏஐ-யின் விஸ்பர்-1 என்ற, பேச்சை எழுத்தாக்கும் மாடலுக்குக் கோப்பை போஸ்ட் (இணையத்தில் தரவு அனுப்பும் வழி) முறையில் அனுப்பினால் எழுத்து திரும்பி வரும். பைத்தானில் பதினைந்து வரி போதும். ஏபிஐ சாவியை, அதாவது உங்கள் கணக்குக்கான கடவுச்சொல் போன்றதை, மட்டும் நிரலுக்குள் எழுதாதீர்கள், நிரலுக்கு வெளியே கணினியின் என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள். நான் செய்தபோது கட்டணம் நிமிடத்துக்கு 0.006 டாலர், 40 மணி நேரத்துக்கு 14.40 டாலர் ஆனது.

நேரம் பிடிப்பது அனுப்புவதற்கு முந்தைய வேலை. ஒரு கோப்பு 25 எம்பிக்கு மேல் போகக் கூடாது. 16 கிலோஹெர்ட்ஸ் மோனோ வேவ் கோப்பாக அனுப்பினால் 13 நிமிடத்திலேயே அந்த அளவு நிரம்பிவிடும். அதையே எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலிக்கோப்பு மாற்றும் மென்பொருள் கொண்டு 32 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் ஒன்றரை மணி நேரம் தாராளமாக அடங்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பேச்சு நிற்கும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள். நீண்ட மௌனத்தையும் நீக்கிவிடுங்கள். பம்ப்செட் சத்தம் மட்டும் ஓடும் இடத்தில் இவ்வகை மாடல்கள் யாரும் பேசாத வாக்கியத்தை எழுதிவிடுவது உண்டு.

மொழி டிஏ (ta, தமிழுக்கான குறியீடு) என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். அப்புறம் ப்ராம்ப்ட், அதாவது கோப்போடு சேர்த்து மாடலுக்கு அனுப்பும் குறிப்பு. கண்மாய், மடை, கலுங்கு (நிறைந்த கண்மாயின் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்), மறுகால் (அப்படி வெளியேறும் தண்ணீர்), நீர்ப்பாய்ச்சி, அங்கிட்டு, இங்கிட்டு என்று நம் பக்கத்துச் சொற்களை அதில் எழுதி அனுப்பினேன், பிழை கண்கூடாகக் குறைந்தது. ஆனால் அதில் கடைசி 224 டோக்கன்தான் கணக்கில் வரும். டோக்கன் என்பது மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு. ஒரு தமிழ்ச் சொல்லே பல டோக்கன்களை எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பேட்டிக்கு வேண்டிய இருபது சொல்லுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேட்டியில் நிலத் தகராறு, குடும்ப விஷயம் வந்தால் பேசியவரிடம் கேட்காமல் வெளி சர்வருக்கு அனுப்பாதீர்கள். விஸ்பர் 2022-லேயே திறந்த மூலமாக வந்துவிட்டது. அதைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம், மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை.

விடையை வெறும் எழுத்தாக வாங்காமல் வெர்போஸ்-ஜேசன் என்ற விரிவான தரவு வடிவத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு துண்டும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்பதும் சேர்ந்து வரும். இப்படி நொடிக் குறிப்பு இருப்பது எனக்கு எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன். சொற்பட்டியல் இல்லாமல் வேறொரு சேவையில் முதலில் ஓட்டிப் பார்த்த பதிவு ஒன்றில், "கம்மா நெறஞ்சு மறுநாள் பாஞ்சுச்சு" என்று வந்திருந்தது. படிக்கும்போது சரியாகத்தான் தோன்றியது, விட்டிருப்பேன். பேசிய தாத்தாவிடமே கொண்டுபோய் அந்த நொடியிலிருந்து போட்டுக் காட்டினேன். காதருகே போனை வைத்துக் கேட்டவர், "மறுநாள் இல்லப்பா, மறுகாலு. கம்மா நெறஞ்சா மிச்சத் தண்ணி அங்கிட்டுத்தான போகும்" என்று கையை நீட்டிக் கலுங்கைக் காட்டினார்.