திரெங்கானுக் கடற்கரையில் புத்தக மலாய் போதுமா?

அன்புள்ள தங்கைக்கு,

தூத்துக்குடியிலிருந்து வரும் மாதம் மலேசியாவின் திரெங்கானு மாநிலத்திலுள்ள கோலா நெருஸுக்கு ஆய்வுப் பணிக்காக வரவிருப்பதாகவும், திரெங்கானு மீனவர்களிடம் பேட்டி எடுப்பதற்கு மூன்று மாதம் புத்தகம் வைத்துப் படித்த மலாய் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரிந்துவிடும். அவர்கள் சொல்லும் பதில்தான் உங்களுக்குப் புரியாது. பதினான்கு ஆண்டுகளாக இங்கே குடியிருக்கும் எனக்கே படகுத்துறைப் பேச்சில் பாதி இன்றும் நழுவிப் போகிறது.

முதலில் உச்சரிப்பைச் சொல்கிறேன். மீனைக் குறிக்கும் 'இக்கான்' இங்கே 'இக்காங்' ஆகிவிடும். வடக்கே கிளந்தான் மாநிலத்துக்குப் போனால் மூக்கொலியோடு 'இக்கே' என்பார்கள். சொல்லின் கடைசியில் வரும் ட், க் போன்ற ஒலிகளைத் தொண்டைக்குள்ளேயே அடைத்துக்கொள்வதால், கடலாகிய 'லாவுட்'டும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் 'லாவுக்'கும் நம் காதுக்கு ஒன்றாகவே விழும். நான் வந்த முதல் மாதம் ஒரு முதியவரிடம் அவருடைய மகன் எங்கே என்று விசாரித்தேன். அவர் சொன்னதை, கறி வாங்கப் போயிருக்கிறான் என்று புரிந்துகொண்டு, இருட்டும்வரை படகுத்துறைப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன். மகன் மறுநாள் காலையில்தான் கரை சேர்ந்தான்.

அடுத்தது தொழிற்சொற்கள். 'புக்காட்' என்றால் வலை என்று அகராதி சொல்லும்; ஆனால் துறையில் வெறும் புக்காட் என்று நீங்கள் சொன்னால், எந்தப் புக்காட் என்று திருப்பிக் கேட்பார்கள். இறுக்கிச் சுருக்குவது 'புக்காட் ஜெருட்', அதாவது நம் சுருக்குமடி. படகு இழுத்துச் செல்வது 'புக்காட் துண்டா'. நீரோட்டத்தில் மிதக்க விடுவது 'புக்காட் ஹான்யுட்'. வலை செய்யும் வேலையே அதன் பெயராக இருப்பதால், அந்த வினைச்சொற்களை முதலில் படித்துக்கொண்டால் பாதிப் பளு குறையும். படகுத் தலைவர் 'தெக்கோங்', உடன் செல்பவர்கள் 'ஆவாக்-ஆவாக்'. ஆழத்தை 'டெப்பா'வில் சொல்வார்கள். இரு கைகளையும் விரித்த அளவு அது. உங்கள் ஊர்க் கடலோரத்தில் 'பாகம்' என்று கேட்டு வளர்ந்திருந்தால் விளக்கமே தேவையில்லை. கப்பலைக் குறிக்கும் 'காப்பால்' தமிழிலிருந்து போன சொல்தான் என்றாலும், தங்கள் படகை அவர்கள் 'போட்' என்றே சொல்கிறார்கள். ஆகவே அந்தப் பெருமை துறையில் உங்களுக்கு உதவாது.

மீன்களின் பெயர்களைப் பொறுத்தவரை, புத்தகத்தில் 'தொங்கோல்' என்றிருக்கும் சூரை இங்கே 'ஆயா'. நாசி டாகாங் சோற்றோடு அதன் குழம்பைத்தான் பரிமாறுவார்கள். 'கெலாமா' என்பது நம் கத்தாளை இனம். காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து ஒலி எழுப்பும் மீன் அது. அந்த ஒலியைக் கேட்டு மீன் கூட்டத்தைக் கண்டறிபவருக்கு 'ஜுரு செலாம்' என்று பெயர். படகின் விளிம்பைப் பிடித்தபடி கடலில் இறங்கி, தலையை நீருக்குள் அமிழ்த்தி, எந்த மீன், எந்தத் திசை, எவ்வளவு தொலைவு என்பதையெல்லாம் காதாலேயே சொல்லிவிடுவார். முதியவர்களிடம் இந்தப் பேச்சைத் தொடங்கினால், உங்கள் வினாப்பட்டியலில் இல்லாத சொற்கள் தாமாகவே வந்து கொட்டும். என்னைக் கேட்டால், வினாப்பட்டியலைவிட அதுவே பயனுள்ளது.

நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக்கு இங்கே 'தெங்குஜோ' என்று பெயர். நம் ஊரில் வாடை வீசும் அதே பருவம்தான். அப்போது சிறு படகுகள் கடலுக்குப் போகாமல், வலை பழுதுபார்த்துக்கொண்டு எல்லாரும் கரையில் இருப்பார்கள். நீண்ட பேட்டிகளை அந்தப் பருவத்துக்கு ஒதுக்கிவையுங்கள். ஏப்ரல் முதல் ஏறக்குறைய ஜூலை வரை 'சண்டாட் சோத்தோங்', அதாவது இரவில் விளக்கு வெளிச்சத்தில் தூண்டில் முள்வளையத்தை ஆட்டிக் கணவாய் பிடிக்கும் காலம் என்பதால், பகலில் யாரும் உங்களுக்கு முகம்கொடுத்துப் பேசமாட்டார்கள்.

வயதில் மூத்தவரைப் 'பாக்சிக்' என்றே அழையுங்கள். அவர்கள் தங்களுக்குள் 'மூங்' என்று சொல்லிக்கொள்வது அடிக்கடி காதில் விழும். அது 'நீ' என்பதற்கு நிகரானது. மறந்தும் அதை நீங்கள் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.