வாசகர் கேள்விகள்: அழிக்கப் போவதை எதற்கு வரைகிறார்கள்?

கேள்வி: திபெத்திய பிக்குகள் நாள்கணக்கில் குனிந்து உட்கார்ந்து மணலில் மண்டலம் என்ற சடங்கு ஓவியத்தை வரைகிறார்கள். முடிந்ததும் கூட்டித் தள்ளிவிடுகிறார்கள். வீடியோவில் பார்த்தாலே மனசு பதறுகிறது. கண்ணாடி போட்டு மூடி வைத்தால் என்ன?

பதில்: எனக்கும் பதறும். 'நிலையாமையை உணர்த்துகிறார்கள்' என்று சொல்லி எல்லாரும் முடித்துக்கொள்வார்கள், அது பாதி பதில்தான். சக்பூர் என்ற குறுகலான உலோகக் கூம்பில் சாயமேற்றிய மணலை நிரப்பி, அதன் மேல் வரிவரியாக இருக்கும் பற்களில் இன்னொன்றை வைத்து உரசுவார்கள். அந்த அதிர்வில் மணல் இறங்கும், மெதுவாக உரசினால் மெல்லிய இழை, வேகம் கூட்டினால் தாராளமாகக் கொட்டும். அப்படி நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வளர்வது உண்மையில் ஒரு மாளிகையின் தரைப்படம். காலசக்கர மண்டலம் என்றால் 722 தெய்வங்களுக்கு அதில் இடம் உண்டு. அவர்களை எழுந்தருளச் செய்து, சடங்கு முடிந்ததும் வழியனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் மிஞ்சுவது ஆசி ஏறிய மணல். பார்க்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியை ஓடும் தண்ணீரில் கரைக்கிறார்கள், ஆசி நாலு பக்கமும் போகட்டும் என்று. பூட்டி வைத்தால் அது எங்கே போகும்?

அமெரிக்கப் பழங்குடிகளான நவாஹோ மக்களும் மணல் ஓவியம் போட்டு அழிப்பவர்கள்தான், ஆனால் காரணம் கிட்டத்தட்ட நேர் எதிர். நோயாளியை ஓவியத்தின் மேலேயே உட்கார வைத்து, அந்த மணலை அவர் உடம்பில் தடவுவார்கள். நோயை அது வாங்கிக்கொள்கிறது என்பது நம்பிக்கை, அதனால் வைத்திருக்கவே கூடாது. அந்த வடிவங்களை ஹாஸ்டீன் க்ளா என்ற நவாஹோ சடங்குக் கலைஞர் கம்பளத்தில் நெய்தபோது எதிர்ப்பு அவருடைய மக்களிடமிருந்தே வந்தது.

கேள்வி: பழைய கிறிஸ்தவ ஐகான்களில், அதாவது வழிபாட்டுக்கான திருவுருவப் படங்களில், மேசையும் இருக்கையும் கோணலாக இருக்கின்றனவே, வரையத் தெரியாதா?

பதில்: நன்றாகவே தெரியும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய ஓவியர் ருப்லேவ் வரைந்த 'திரித்துவம்' ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தேவதூதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், நம் பக்கம் மட்டும் காலி. கால் வைக்கும் பலகைகளின் கோடுகள் தூரத்தில் போய்க் குறுகாமல், நம்மை நோக்கி வந்து குறுகுகின்றன. பார்க்கிறவரை உள்ளே இழுத்துக்கொள்கிற ஏற்பாடு அது. நிறங்களை முட்டை மஞ்சள் கருவில் குழைத்து, முகத்தைக் கரும்பச்சை சாயலில் தொடங்கி, அடுக்கடுக்காக வெளிச்சமாக்கிக்கொண்டு வருவது ஐகான் மரபு. தங்கத் தகடும் விளக்குச் சுடரின் அசைவுக்காக ஒட்டியது. மியூசியத்தின் ஆடாத வெளிச்சத்தில் பார்த்துவிட்டு 'தட்டையாக இருக்கிறது' என்று குறை சொன்னால் ஐகான் என்ன செய்யும்?

கேள்வி: இஸ்லாத்திலும் யூதத்திலும் உருவம் வரைவதே கிடையாது, சரியா?

பதில்: வழிபடும் இடத்தைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் சரி. பாரசீக, முகலாயச் சிற்றோவியங்களில் மனிதர்கள் நிறையவே உண்டு, ஆனால் மசூதிச் சுவரிலும் குர்ஆன் பிரதியிலும் இல்லை. யூதர்களில் அந்த எல்லையும் எப்போதும் நிற்கவில்லை: சிரியாவின் தூரா யூரோப்போஸ் என்ற பழைய நகரில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயத்தில் சுவர் முழுக்க மோசே முதலானவர்களின் உருவங்கள்.

கேள்வி: ஸ்ரீசக்கரத்தைப் பச்சை குத்திக்கொள்ளலாமா?

பதில்: நெட்டில் முதலில் கண்ணில் படும் படத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஒன்பது முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி 43 சிறு முக்கோணங்கள் வர வேண்டும், பல இடங்களில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சேர வேண்டும். அதை வரைவது பெரிய தலைவலி, பல படங்களில் ஒப்பேற்றியிருப்பார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கோடுகள் தப்பிப் போவது தெரியும். இன்னொன்று, வழிபடுகிறவர்களுக்கு அது தேவியின் இருப்பிடமே. காலில், இடுப்புக்குக் கீழே என்று யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.