ஹில், ஆடம்சன் படம் சொரசொரப்பாகத் தெரிவது ஸ்கேன் கோளாறா?

ஸ்காட்லாந்தின் ஆரம்பகாலப் புகைப்படக்காரர்கள் ஹில், ஆடம்சன் எடுத்த மீனவப் பெண் படத்தை ஒரு டாகுரோடைப்போடு (அதே காலத்து இன்னொரு புகைப்பட முறை) ஒப்பிட்டு, ஸ்கேன் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கேன் சரியாகத்தான் இருக்கிறது, தயவுசெய்து ஷார்ப்பன் செய்யாதீர்கள். எடின்பரோ அருகிலுள்ள மீனவ ஊரான நியூஹேவனைச் சேர்ந்த அந்தப் பெண்ணின் முகத்தில் "மணல் தூவியது போல" இருக்கிறது என்றீர்களே, அது படத்தோடு பிறந்தது.

காரணம் பெரும்பாலும் நெகட்டிவ்தான். டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் ராபர்ட் ஆடம்சனும் 1843 முதல் எடின்பரோவில் எடுத்தவை காலோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறையில் எடுத்த படங்கள். அதில் நெகட்டிவே காகிதம். அச்சிடும்போது வெளிச்சம் அதை ஊடுருவிப் போவதால் காகிதத்தின் நார்களும் படத்தில் விழுந்துவிடும். நீங்கள் ஒப்பிட்ட டாகுரோடைப் வெள்ளி பூசி மெருகேற்றிய செப்புத் தகட்டில் நேரடியாகப் பதிவது, அதனால் முடி முடியாகத் தெரியும். ஹில் ஓவியர். இந்தச் சொரசொரப்பே காலோடைப்பின் உயிர் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நுணுக்கம் குறைவதால்தான் அந்தப் பெண்ணின் கோடு போட்ட பாவாடையும் நிழலில் பாதி மறைந்த முகமும் கரித்தீட்டல் போல அப்படி நிற்கின்றன!

சந்தேகம் இருந்தால் 100 சதவீத அளவில் பாருங்கள்:

1. முகம், துணி, சுவர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒழுங்கற்ற திட்டுகள் என்றால் காகித நார்.
2. சின்னச் சதுரக் கட்டங்கள் என்றால் கோப்பைச் சுருக்கியதால் வந்தது. அப்போது மட்டும் பெரிய கோப்பைத் தேடுங்கள்.

கை மட்டும் கலங்கியிருந்தால் அவர் அசைந்திருக்கிறார். வெயிலிலும் அசையாமல் நெடுநேரம் இருக்க வேண்டிய காலம் அது.

ஒன்று கவனியுங்கள். இதே நெகட்டிவ்களிலிருந்து ஜேம்ஸ் கிரெய்க் அன்னான் என்ற புகைப்படக்காரர் பிற்காலத்தில் ஃபோட்டோகிராவ்யூர் (படத்தை உலோகத் தகட்டில் அரித்துப் பதித்து மையால் அச்சிடும் முறை) அச்சுகள் எடுத்தார். உங்களுடையது அதுவானால் நான் சொன்ன அடையாளம் அப்படியே பொருந்தாது. படக்குறிப்பில் அச்சு வகையைப் பார்த்துவிடுங்கள்.